இரவல் விளக்கு

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை மொட்டைமாடியில் ஏற்றியபோது அண்ணாந்து பார்த்து யோசனை சொல்ல ஒரு கூட்டமே இருந்தது. இறக்கும்போது ஜெஸ்லின் ஒருத்திதான் இருந்தாள். அவள் கணவர் ஜாஸ்பர் கீழே முற்றத்தில் நாற்காலி போட்டு, குரங்குக் குல்லாவைக் காது மூட இழுத்துவிட்டு, "பாத்து, பாத்து" என்று சொல்லும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது வருஷ ஆராதனையில் பிடித்த சளி அவரை இன்னும் விடவில்லை. அவரும் சளியை விடுவதாக இல்லை. வேலை என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், இருமல் வந்துவிடும்.

தேனி பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற குடும்பம் அது. கடையை மகளும் மருமகனும் பார்க்க ஆரம்பித்த பிறகு, கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் போகிற வழியில் உள்ள தோட்டத்து வீட்டில்தான் புருஷனும் பெண்டாட்டியும் பாதி நாள் இருந்தார்கள். கிறிஸ்துமஸை இங்கே கொண்டாடினார்கள். புது வருஷத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு தேனிக்குப் போனவர்கள், ஸ்டாக் எடுப்பது, சபைக்கூட்டம், சளி என்று ஒவ்வொன்றாக இழுத்து, பொங்கல் கழிந்துதான் திரும்பி வந்தார்கள். அலங்காரமெல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது.

பனி என்றால் அந்த வருஷம் அப்படி ஒரு பனி. மேற்கே மலையிலிருந்து இறங்கி விடியும்வரை வீட்டைச் சுற்றியே கிடக்கும். குமுளியில் ஆசையாகப் பார்த்து வாங்கிய நட்சத்திரம் நனைந்த அப்பளமாகத் தொங்கியது. குடிலில் பனி என்று தூவிய தெர்மாகோல் பொடி காற்றில் பறந்து மாட்டுத்தொட்டி வரைக்கும் போயிருந்தது. வாசலில் நிறுத்திய கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குத் தாடியே இல்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ராக்கப்பனுடைய வெள்ளாடு அந்தப் பஞ்சைத் தின்றுவிட்டு, இரண்டு நாள் பிழுக்கை போடாமல் நின்றதாம்.

"தாத்தா தாடிய மழிச்சுட்டு மாப்பிள்ள கணக்கா இருக்காக" என்றார் ஜாஸ்பர்.

"பேசுறத விட்டுட்டு அந்தச் சாக்க இங்கன நீட்டுங்க."

அவர் இருமினார்.

ஜெஸ்லின் நட்சத்திரத்தைச் சாக்கில் போட்டாள். குடிலில் பசுவுக்குக் கீழே எறும்புப் புற்று வைத்திருந்தது. அதைத் தட்டி, சுரூபங்களைத் துடைத்து, பழைய துண்டில் சுற்றினாள். ஜன்னல் திரைகளை நனைத்துப் போட்டாள். மெத்தைகளை வெயிலுக்கு எடுத்துப்போட்டு அடித்தாள். கேக் தட்டில் இருந்த பூசணத்தைச் சுரண்டினாள். வாசலெல்லாம் காலியானதும் வீடு மொட்டையடித்த மாதிரி இருந்தது. கடைசியாகத் திராட்சைப் பந்தலில் போட்ட விளக்கு மட்டும் மிச்சம். அதை அவசரம் அவசரமாகக் கழற்றக் கூடாதென்று அவள் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள்.

அது கடையில் வாங்கிய சீரியல் செட் இல்லை. ஜெஸ்லினுடைய அப்பா வைகுண்டராஜ் லோயர் கேம்ப் கரண்டு ஆபீஸில் லைன்மேனாக இருந்தவர். தடித்த பச்சை வயரில் முழத்துக்கு ஒரு ஹோல்டர் வைத்து, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஜீரோ வாட் பல்பு மாட்டி, கையாலேயே பண்ணிய விளக்கு. அவர் காலத்துக்குப் பிறகு அது உத்தமபாளையத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிற அண்ணன் இம்மானுவேலிடம் போனது. அண்ணனுக்கும் ஜாஸ்பருக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஒரு அலுமினிய ஏணிதான் காரணம். ஜாஸ்பர் இரவல் வாங்கிப்போய் ஒரு படி இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். "ஒரு படிதான மச்சான்" என்று சிரித்தார். இம்மானுவேல் கறாரான ஆள். புளியை நிறுக்கும்போதுகூடத் தராசு முள் நிற்கிறவரை மூச்சு விடாதவர். சர்ச் வாசலில் வைத்து, "நீ எதையும் முழுசாத் திருப்பிக் குடுக்கிற ஆளு இல்ல மாப்ள" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு முடிந்தது போக்குவரத்து. நடுவில் கிடந்து தவித்தது ஜெஸ்லின்தான். நல்லது கெட்டதுக்கெல்லாம் அண்ணனைக் கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து, ராத்திரியெல்லாம் தலையணையை நனைப்பாள்.

இந்த டிசம்பரில் என்ன தோன்றியதோ, அண்ணனே போன் போட்டார். "அப்பா விளக்கு சும்மாதான கெடக்கு. இந்தத் தடவ நீ போடு. தை கடைசியில அஜய்குமாருக்குக் கல்யாணம். அதுக்கு முன்னாடி முழுசா வந்துரணும்" என்றார். மகன் கல்யாணத்தைச் சொன்னதைவிட அந்த 'முழுசா'வை அழுத்திச் சொன்னார். ஜெஸ்லின் போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் கடைப்பையனிடம் விளக்கு வந்து சேர்ந்ததும், அதை எங்கே போடுவதென்று யோசித்தாள். அப்போதுதான் பந்தலில் கொடியை வெட்டிக் கவாத்து அடித்து முடித்திருந்தார்கள். இலை ஒன்று இல்லாமல், கம்பியும் வெறுங்கொடியுமாக நின்ற பந்தலைப் பார்த்ததும், அதில் குறுக்கும் நெடுக்குமாக விளக்கைப் போட்டால் ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் பார்க்கும் என்று ஜாஸ்பருக்கு யோசனை வந்தது. பஸ்ஸெல்லாம் பார்த்தது உண்மைதான். கொடி வளரும் என்பது மட்டும் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஜெஸ்லின் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்குப் பின்னால் போனாள். பந்தல் மேலே பச்சைக் கூரை போட்ட மாதிரி மூடிக்கிடந்தது. உள்ளே குனிந்து போய் அண்ணாந்து பார்த்தாள். விளக்கு இருந்தது. இலைக்கு நடுவே ஒரு சிவப்பு பல்பு எட்டிப் பார்த்தது. அதன் வயரில், வரிசையாக, அழகாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தளிர்க் கொப்புகளை வாழைநாரால் கட்டியிருந்தது. ஒவ்வொரு கொப்பிலும் கடுகு கடுகாகப் பிஞ்சு பிடித்த குலை. கட்டாத கொப்புகளும் சுருளை நீட்டி வயரை வளைத்து வளைத்துப் பிடித்திருந்தன.

"ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஜாஸ்பர் இருமலை மறந்து ஓடி வந்தார்.

பார்த்தார். குல்லாவைக் கழற்றினார்.  பிறகு ஹார்டுவேர்காரர் என்கிற முறையில், "முடிச்சத்தான் அவுக்கணும், வேற ஒண்ணுமில்ல" என்று எட்டி ஒரு நாரை இழுத்தார். கொப்பு சடாரென்று தொங்கியது. பிஞ்சு பொலபொலவென்று அவர் மூக்கில் உதிர்ந்தது.

"கைய எடுங்க மொதலாளி!"

மாயக்காள் வரப்பில் வந்துகொண்டிருந்தாள். அவளும் அவள் புருஷன் ராக்கப்பனும்தான் அந்தப் பந்தலைப் பாதிக்குப் பாதி வாரத்தில் பார்க்கிறவர்கள். ராக்கப்பன் அதிகம் பேசமாட்டான். வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் மாயக்காளே பேசிவிடுவாள்.

"மாயக்கா, என்ன வேலை இது? எங்க அப்பா வயர்ல போயி கட்டி வச்சிருக்கீக?" என்றாள் ஜெஸ்லின்.

"வயரா? கம்பின்னுல்ல நெனச்சோம். தளிரு கட்ட ஆறு பொம்பளையளக் கூட்டியாந்து விட்டேன். நாங்க என்ன அண்ணாந்து பாத்தா கட்டுறோம்? பேசிக்கிட்டே போவோம், கையி போறபோக்குல கம்பி தட்டுபட்டா கட்டிக்கிட்டே போகும்."

"பல்பு தெரியலையா?"

"தெரியாமயா? தெரிஞ்சுச்சு. பூச்சிக்கு வெளக்குப் பொறி வப்பாகள்ல, மொதலாளி அதத்தான் புதுசாப் போட்ருக்காகன்னு நெனச்சேன். பல்புல எல படாம ஒதுக்கிக் கட்டுங்கடின்னு நான்தான் அவளுகளச் சொன்னேன்." மாயக்காள் அதைப் பெருமையாகவே சொன்னாள். "நம்ம கம்பியவிட இது சொகமாயிருக்கு ஆத்தா. கொப்ப அறுக்கல பாருங்க. மத்த எடத்தவிட இங்கன குலை நல்லா எறங்கியிருக்கு."

"கழட்டணுமே மாயக்கா. அண்ணனுக்குக் குடுக்கணும்."

"பழம் வெட்டட்டும். பங்குனியில கழட்டித் தாறேன்."

"தையிலயே கல்யாணம்."

"அப்ப வேற வெளக்கு வாங்கிப் போடச் சொல்லுங்க. இப்பக் கைய வச்சா அம்புட்டும் உதிந்துரும். போன வெள்ளாமைய செவட்ட நோயி தின்னுட்டுப் போச்சு. எல மிஞ்சல, பழம் மிஞ்சல. இதையும் வெளக்குக்குத் தூக்கிக் குடுத்துட்டு நான் என்னத்தத் தின்ன?"

ஜெஸ்லினுக்கு அழுகை முட்டியது. "எம் பாதிய விட்டுத்தாரேன். எனக்கு ஒரு பழம் வேண்டாம். அந்த வயரு இருக்கிற எடத்த மட்டும் அறுத்துருவோம்."

மாயக்காள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஒங்க பாதியும் எம் பாதியும் ஒரே கொப்புலதான ஆத்தா தொங்குது. எதுன்னு பாத்து அறுப்பீக?"

 ஜெஸ்லினுக்கு அண்ணன் வேண்டும், மாயக்காள் வயிற்றில் அடிக்கவும் மனசு வரவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து ஜாஸ்பரின் போன் அடித்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக இம்மானுவேல்.

வேறு யாராவது இருந்தால் எடுக்காமல் விட்டிருப்பார்கள். ஜாஸ்பர் எடுத்தார். எடுத்ததோடு ஸ்பீக்கரிலும் போட்டார்.

"மாப்ள, விளக்கு என்னாச்சு?"

"அதெல்லாம் கழட்டி, தொடச்சு, பெட்டியில வச்சாச்சு மச்சான். ஒண்ணொண்ணாத் தொடச்சேன்" என்றார் ஜாஸ்பர், தொங்குகிற கொப்பைக் கையில் தாங்கிக்கொண்டு.

"பல்பு எதுவும் ஒடயலையே?"

"ஒரு கீறல் கெடையாது."

"நல்லதாப் போச்சு. நாளைக்குக் காலையில நானே வந்து வாங்கிக்கிறேன்."

போன் வைத்துவிட்டார். மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"பெட்டியில வச்சாச்சா?" என்றாள் மாயக்காள். "எந்தப் பெட்டியில?"

"ஆளு அனுப்புவாகன்னு நெனச்சேன். வர்ற ஆளுகிட்ட ரெண்டு நாள் கழிச்சு வான்னு சொல்லலாம்ல" என்று மென்று விழுங்கினார் ஜாஸ்பர்.

அன்றைக்குச் சாயங்காலம்வரை அவர் யோசனை மேல் யோசனையாக இறக்கினார். கம்பத்தில் போய் அதே மாதிரி பல்பும் வயரும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடலாம் என்றார். "அப்பா முறுக்கின முறுக்கு அண்ணனுக்குத் தெரியும்" என்றாள் ஜெஸ்லின். எலி கடித்துவிட்டது என்று சொல்லலாம் என்றார். கரண்டு ஆபீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லலாம் என்றார். கடைசியில், தனக்குச் சளி முற்றி நெஞ்சில் கட்டிவிட்டது என்று சொன்னால் மச்சான் பதறிப்போய் விளக்கை மறந்துவிடுவார் என்று சொல்லிவிட்டு, அதற்கு ஒத்திகையாக இருமிப் பார்த்தார்.

ஜெஸ்லின் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு உயிர். அவர் வந்து சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போகப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகக் குழம்பு வைக்காமல் இருக்க முடியுமா?

இம்மானுவேல் மறுநாள் சொன்னபடியே காலையில் வந்தார். பனி இன்னும் விலகவில்லை. காரிலிருந்து இறங்கும்போதே கையில் முட்டை அட்டைகள் வைத்திருந்தார். பல்புகள் ஒன்றோடொன்று முட்டாமல் வைக்கக் கடையிலிருந்து எடுத்து வந்தவை. தலை நன்றாக நரைத்திருந்தது. அப்பா சாயல் அப்படியே வந்திருந்தது.

"வாண்ணே" என்றாள் ஜெஸ்லின். 

"ம். நல்லாருக்கியா?" அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "எங்க மாப்ள?"

உள்ளே கம்பளிக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

"பெட்டி எங்கன இருக்கு?"

ஜாஸ்பர் சொல்லிக்கொடுத்த பொய்யெல்லாம் ஜெஸ்லின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணன் கையிலிருந்த முட்டை அட்டையைப் பார்த்ததும் ஒன்றும் வெளியே வரவில்லை. "இங்கன வாண்ணே" என்று பின்பக்கம் கூட்டிப்போய், மோட்டார் ரூம் சுவிட்சைப் போட்டாள்.

பந்தலுக்குள் விளக்கு எரிந்தது. இலைக்குள்ளிருந்து சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கசிந்தது. பனிக்குள் அந்தப் பச்சை முழுவதும் மினுங்கியது. ஒரு பல்பு பாக்கியில்லாமல் எல்லாம் எரிந்தன. மாயக்காளும் ராக்கப்பனும் ஆளுக்கொரு கல்தூணில் சாய்ந்து காவல் நின்றார்கள்.

"நாங்க கழட்டலண்ணே. கழட்ட முடியாது. மாயக்கா ஆளுக தெரியாம இதுல தளிரக் கட்டிட்டாக. இப்ப எடுத்தா அவுக வெள்ளாம போயிரும். பெட்டியில வச்சாச்சுன்னு அவரு சொன்னது பொய்யி. நீ என்ன திட்டணுமோ திட்டிக்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள் ஜெஸ்லின்.

இம்மானுவேல் திட்டவில்லை. முட்டை அட்டைகளைக் கீழே வைத்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஒரு முடிச்சை நகத்தால் நெம்பினார். அவிழ்ந்தது. சுருளைப் பிரித்தார். பிரிந்தது. "இதுல என்ன கஷ்டம்?" என்று கொப்பை லேசாக நகர்த்தினார். டப்பென்று முறிந்தது.

"ஐயோ, எம்புள்ள போச்சே!" என்று மாயக்காள் வைத்த ஒப்பாரியில், கம்பளி போர்த்திய ஜாஸ்பர் பின்வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஒரு கொப்புதானம்மா" என்றார் இம்மானுவேல். சொன்ன பிறகு அவருக்கே அது எங்கேயோ கேட்ட பேச்சு மாதிரி இருந்திருக்க வேண்டும். முறிந்த கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவதென்று தெரியாமல் நாலாபக்கமும் பார்த்தார். கீழே போட மனசில்லை. மாயக்காள் வேறு முறைத்துக்கொண்டிருந்தாள். பிஞ்சோடு சட்டைப்பையில் சொருகிக்கொண்டார்.

"நாரு இருக்கா?" என்றார்.

"எதுக்கு?" என்றாள் மாயக்காள்.

"அவுத்தவன் கட்ட வேண்டாமா?"

ராக்கப்பன் இடுப்பிலிருந்து நாரை உருவிக் கொடுத்தான். நேற்று ஜாஸ்பர் இழுத்துவிட்ட கொப்பு தொங்கிக்கொண்டிருந்தது. இம்மானுவேல் அதைத் தூக்கி அப்பாவின் வயரோடு சேர்த்துக் கட்டினார்.

"இறுக்காதீக. கழுத்து நெரிபடும்ல. ரெண்டு வெரலு எடம் விடுங்க. ஆங், அப்படி" என்று கீழேயிருந்து வேலை வாங்கினாள் மாயக்காள். வாழ்க்கையில் அதுவரைக்கும் யாரும் இம்மானுவேலை வேலை வாங்கியதில்லை. அவர் ரெண்டு விரல் இடம் விட்டார். கட்டி முடித்து, வயரை ஒருதரம் அசைத்துப் பார்த்தார்.

"இம்புட்டுக் கனத்தத் தாங்குது பாரு. அந்தக் காலத்து வயரு" என்றார்.  சட்டென்று இறங்கிவிட்டார்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். இம்மானுவேல் குழம்பை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார், பேசவில்லை. ஜாஸ்பருக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்தவர் கத்தரிக்கோலோடு நின்றார்.

"மச்சான், நான் அறுத்துத் தாறேன். மாயக்காளுக்கு எங்க பங்கு முழுசையும் குடுத்து, பத்தாததுக்கு நான் ஏதாவது பண்றேன். முழுசாத் தரமாட்டான்னு ஒரு பேரு வாங்குனதே போதும். கல்யாணத்துக்கு வெளக்கில்லாம அனுப்பிட்டான்னு இன்னொரு பேரு எனக்கு வேண்டாம்." அதைச் சொல்லும்போது அவர் ஒருதரம்கூட இருமவில்லை.

"அத வையி மாப்ள. ஒக்காரு."

"இல்ல மச்சான்..."

"ஒக்காருங்கிறேன்ல." இம்மானுவேல் இலையை மூடினார். "கல்யாணத்துக்கு ரேடியோ செட்டுக்காரன் போடுற லைட்டு போதும். ஊருக்கே அவன்தான போடுறான். இந்த விளக்கு இங்கனயே கெடக்கட்டும்."

"அப்ப எதுக்குண்ணே அட்டையெல்லாம் தூக்கிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்த?" என்றாள் ஜெஸ்லின்.

அவர் மொச்சைத் தோல் ஒன்றைப் பல்லிடுக்கிலிருந்து எடுத்தார்.

"உத்தமபாளையத்துலருந்து இங்கன எம்புட்டுத் தூரம் சொல்லு. இந்த ஏழு வருசத்துல ரோட்டு வழியா எத்தன தடவ போயிருப்பேன். குமுளி போற மாதிரி போயி, இந்த வீட்டப் பாத்துட்டுத் திரும்பிருவேன். சும்மா எறங்கி உள்ள வந்தா, 'என்ன விசயமா வந்தீக'ன்னு மாப்ள கேட்டுட்டா என்ன சொல்றது? விளக்கக் குடுத்தேன், வாங்க வந்தேன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாதுல்ல. அதுக்குத்தான் குடுத்தேன். இப்ப நீ பாட்டுக்கு அறுத்துக் கையில குடுத்துட்டா, அடுத்தாப்புல நான் எதச் சொல்லிக்கிட்டு வர்றது?"

ஜாஸ்பர் கத்தரிக்கோலை மெதுவாக அலமாரி மேல் வைத்தார். ஜெஸ்லின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணன் வீட்டைத் தாண்டிப் போன ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளே எதையாவது கழுவிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"பங்குனியிலதான பழம் வெட்டு?" என்று இம்மானுவேல் வாசலைப் பார்த்துக் கேட்டார். "அதுக்குள்ள ரெண்டு மூணு தடவ வந்து பல்பு எரியுதான்னு பாத்துக்கிடுறேன்."

"வாங்க. ஆனா கையி வைக்கக் கூடாது" என்றாள் வெளியேயிருந்து மாயக்காள்.

புறப்படும்போது அஜய்குமார் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிட வேண்டும், அத்தையும் மாமனும் இல்லாமல் எதுவும் ஆரம்பிக்காது என்று இம்மானுவேல் சொன்னார். ஜாஸ்பர் கம்பளியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கார்வரைக்கும் கூடவே வந்தார். காலி முட்டை அட்டைகள் பின்சீட்டில் ஏறின. மாயக்காள் ஒரு சாக்கு நிறைய மொச்சைக்காய் வைத்தாள். கொப்பை முறித்ததற்கு இது பரிசு இல்லை, மொச்சை நிறையக் காய்த்துவிட்டது என்றும் சொன்னாள்.

கார் நகரப் போகும்போது ஜெஸ்லின் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தாள்.

"அண்ணே, ஒங்க வீட்டுப் பித்தள அண்டா, பெருசு, அது எனக்கு வேணும்."

"எதுக்கு?"

எதற்கென்று அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கு ஒரு குக்கரே அதிகம். "எதுக்கோ வேணும். குடேன்" என்றாள்.

இம்மானுவேல் தங்கச்சி முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "குடுத்துவிட மாட்டேன். கல்யாணம் முடிஞ்சதும் நானே தூக்கிட்டு வாறேன்."

"அண்டாவா?" என்று பின்னாலிருந்து அலறினார் ஜாஸ்பர். "ஏண்டி, நமக்கு எதுக்கு அண்டா? எங்கயாச்சும் நெளிஞ்சு கிளிஞ்சு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நெளியட்டும் மாப்ள" என்றார் இம்மானுவேல், வண்டியைக் கியரில் போட்டபடி. "சண்ட போடவாச்சும் வருவேன்ல."